ஆண்டெனாவுக்கு முன் எர்த்

1956 நவம்பரில் அரியலூருக்கருகே மருதையாற்று வெள்ளத்தால் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை அறிந்தவர்களுக்கும், 2004 சுனாமியால் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்த வேளையில் அமெச்சூர் வானொலியரான பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கொண்டு சேர்த்ததை நினைப்பவர்களுக்கும், ஒரு வீட்டு மாடியில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையம் இருப்பது ஆபத்து வேளையில் தரும் பிரயோஜனத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

அந்நிலையத்தின் ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 20 மீட்டர் தாமிரக் கம்பியை இரு சம பாகமாக்கி உயரே கட்டினால் ஆண்டெனா ஆயிற்று. எர்த்தோ அவ்வளவு எளிதன்று. பெரம்பலூர்க் கரிசல், ஐப்பசி மழையில் ஈரமேந்தி மின்சாரத்தைத் தாராளமாக ஏற்றுக்கொண்டாலும், சித்திரை வெயிலில் வெடித்து, புதைத்த எர்த் குழாயைவிட்டு விலகிவிடும்; அரியலூரிலோ, சுண்ணாம்புப் பாறை மேலாகவே தட்டுப்படும் இடங்களில் ஒற்றைக் குழாயை நம்புவது அபாயம். ஆகையால் இடைவெளி விட்டுப் பல குழாய்களைப் புதைத்துத் தாமிரப் பட்டையால் பிணைத்து, அவற்றை வீட்டு மின்சார எர்த்தோடும் இணைத்துவிடுவதே உத்தமம். தனித்தனியே விட்டால், இடி விழும்போது இரண்டுக்குமிடையே எழும் மின்னழுத்தம் உபகரணங்களினூடே பாயும். எத்தகைய எர்த் இருப்பினும், மேகம் கறுக்குமுன் ஆண்டெனாக் கேபிளைக் கழற்றிவிடுவது அவசியம்.

இவ்விரு ஜில்லாக்களின் பொறியியல் கல்லூரிகள், மண் வறண்டிருக்கும் கோடையில் தம் எர்த் டெஸ்டர்களோடு மாணவர்களை அனுப்பி, லைசென்ஸ் பெற்ற ஹாம்களின் வீடுகளில் எர்த் தடையை அளந்து தர முன்வர வேண்டும்.