நிஜப் பழசும் பொய்ப் பழசும்

பாட்டியின் பாம்படத்தைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு நகைக்கடைக்குக் கிளம்பிவிட்டீர்களா? ஒரு நிமிஷம்.

'சும்மாதானே கிடக்கு, மாடர்னா மாத்திக்கலாமே!' என்பது உங்கள் கட்சி. பேஷாக மாற்றுங்கள். ஆனால், உலையில் போடுவதற்குப் பெயர் மாற்றுவதா?

முதலில் கணக்கு. நெல்லைச் சீமைப் பாம்படம் பார்க்கத்தான் பெரிசு. மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கடைக்காரர் அரக்கைக் கழிப்பார். பற்றவைத்த பொடியால் மாற்று குறையும், அதையும் கழிப்பார். தப்பே இல்லை, அவர் வாங்குவது தங்கத்தை மட்டும்தான். பதிலுக்கு நீங்கள் 5 பவுனில், அதாவது 40 கிராமில் புது நகை எடுக்கிறீர்கள். சேதாரம் 15 சதவிகிதம் என்று வையுங்கள். 6 கிராம், முக்கால் பவுன், போயே போச்சு! புது நகையின் மொத்த விலைக்கும் 3 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு. அன்றைக்குப் பாட்டி ஆசாரிக்கு அளந்த கூலி? அதை நிறுக்க எந்தக் கடையிலும் தராசு இல்லை.

பணம் கிடக்கட்டும், என் வயிற்றெரிச்சல் வேறு. கடையில் ஆசையாக எடுத்துக் காட்டுவார்களே, 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று... அதில் பலவும் கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகு அச்சில் வார்த்து, பழசு மாதிரி தெரியக் கறுப்பேற்றிய சரக்கு. நிஜப் பழசை உருக்கக் கொடுத்துவிட்டு, மேலே காசும் போட்டுப் பொய்ப் பழசை வாங்கி வருகிறோம் சாமி! லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்காரன் நம் பாம்படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான். நாம்?

ஆஸ்பத்திரி செலவு, காலேஜ் ஃபீஸ் என்று விற்றால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கிழவி சேர்த்ததே அதற்குத்தான். அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு... தாராளமாக உருக்குங்கள்.

'காது வளர்க்காத பேத்தி பாம்படத்தை எங்கே சார் மாட்டுவா?' என்கிறீர்களா? கழுத்தில் மாட்டட்டும். கையால் வேலை செய்கிற ஆசாரி ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒரு வளையமும் கொக்கியும் வைத்துத் தரச் சொல்லுங்கள். கறுப்புப் பட்டுக் கயிற்றில் கோத்தால் பதக்கம். எந்த மாடர்ன் டிரெஸ்ஸுக்கும் எடுக்கும். நெருப்பு மட்டும் காட்டக் கூடாது, உள்ளே அரக்கு இளகிவிடும். கம்பி முறுக்கிக் கட்டினால் போதும்.

'எதுக்கும்மா இந்த வம்பு, உருக்கிடலாமே' என்று அவரும் ஆரம்பித்தால், பாம்படத்தை வாங்கி மறுபடி கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு அடுத்த ஆசாரியைப் பாருங்கள்.