பேஸ்பால் பணமா, ஃபுட்பால் கனவா? கைலர் மர்ரே எடுத்த முடிவும் மாறிப்போன விதியும்

ஒரே வீரரை இரண்டு விளையாட்டுகள் போட்டி போட்டு இழுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கைலர் மர்ரேவுக்கு நடந்தது அதுதான்.

டெக்சாஸில் உள்ள ஆலன் உயர்நிலைப் பள்ளிதான் ஆரம்பம். ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக்காக அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய 42 போட்டிகளிலும் பள்ளி தோற்கவே இல்லை. பேஸ்பாலிலும் அதே கெத்து.

2018 ஜூனில் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி அவரை 9வது வீரராகத் தேர்வு செய்தது. ஒப்பந்த போனஸ் 46.6 லட்சம் டாலர். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக இன்னொரு சீசன் ஃபுட்பால் ஆடவும் அனுமதி கொடுத்தது.

வினோதமே இங்கதான். கல்லூரி ஃபுட்பாலில் ஸ்டேடியம் நிரம்பும், டிவி உரிமத்தில் பணம் கொட்டும். ஆனா அப்போ ஆடுறவருக்கு ஸ்காலர்ஷிப் மட்டும்தான், சம்பளம் கிடையாது. வேறு விளையாட்டில் சம்பாதிக்கவோ தடை இல்லை!

அந்த ஒரே சீசனில் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கிடைத்தது. 2019 பிப்ரவரியில் பேஸ்பாலைக் கைவிட்டார். வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரலில் அரிசோனா கார்டினல்ஸ் அவரை முதல் வீரராகத் தேர்வு செய்தது.

இப்போது விதியே வேறு. 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். முன்பு ஆடியவர்களுக்கான இழப்பீட்டில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது என்பதால், வீராங்கனைகள் சிலர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.