கோழி அடையும் நேரம்

நாம் தூங்குவோம், கோழி அடையும். "கோழி அடைஞ்சிருச்சா?" என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும். பகலெல்லாம் எங்கெங்கோ மேய்ந்த கோழி, இருட்டுவதற்குள் தன் இடம் என்று ஒன்றுக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த இடம் எது என்று முடிவு செய்வது யார்? கூண்டு கட்டிய நாமா, கோழியா? புதுக் கூண்டு கட்டிய வீடுகளில் மாலை 7 மணிக்கு நடக்கும் பஞ்சாயத்தே இதுதான்.

2022 ஜூன் 1ஆம் தேதி ஏற்றுமதியையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு நாட்டில் கோழித் தட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு எங்கள் வானொலிக்கு வரும் குரல் பதிவுகளில் கோழி வளர்ப்பும் ஒரு விஷயமாகிவிட்டது. "காசு போட்டுக் கூண்டு கட்டினேன்மா, பொழுது சாஞ்சா மாமரத்துல ஏறி உக்காந்துக்குதுங்க" என்று ஓர் அக்கா அலுத்துக்கொண்டார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்தான் இந்த வாரப் பகுதி.

கோழியைத் திட்டுவதற்கு முன் அதன் பரம்பரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கோழியின் மூதாதை, நம் நாட்டுக் காட்டோரங்களில் இன்றும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி. அது மரக்கிளையில்தான் இரவைக் கழிக்கும். கோழியின் கண் பகல் வெளிச்சத்துக்கு ஏற்றது. மங்கலில் சரியாகத் தெரியாது. அதனால் வெளிச்சம் போவதற்குள் உயரமான, பழகிய ஓர் இடத்தைப் பிடித்துவிடத் துடிக்கும். மரம் உயரமாகவும் இருக்கிறது, பழகியும் இருக்கிறது. நம் புதுக் கூண்டோ தாழ்வாக இருக்கிறது, பெயிண்ட் வாடை அடிக்கிறது, உள்ளே ஒரே இருட்டு. கோழியின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் மரத்திலேயே தூங்கட்டும் என்று விட முடியாது. நாம் மூசாங் என்று சொல்லும் மரநாய் இரவில் மரம் ஏறும். மலைப்பாம்பும் ஏறும்.

பந்திங் பக்கம் ஒரு கம்பத்து வீட்டில் என் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு அவருக்குத் துணை 12 கோழிகள். பேரப் பிள்ளைகளுக்குத் தீபாவளி அங்பாவ் கொடுப்பது முட்டை விற்ற காசில்தான். "இது யாரும் குடுத்த காசு இல்ல, என் காசு" என்று சொல்வதில் அவருக்கு ஒரு கம்பீரம். போன மழைக்காலத்தில், ரம்புத்தான் மரத்தில் அடைந்த கோழிகளில் ஒரே மாதத்தில் 4 காணாமல் போயின. காலையில் மரத்தடியில் இறகு மட்டும் கிடக்கும். "மிச்சத்த வித்துடுங்கம்மா" என்றார் அண்ணன், அக்கறையில்தான். அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்து, "கூண்டு கட்டிக் குடு பாப்பா, நான் பழக்கிக்கிறேன்" என்றார்.

காலை நிகழ்ச்சி செய்கிறவள் நான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, இரவு 9 மணிக்குள் கோழியைப் போலவே அடைந்துவிடுகிற ஆள். மாலை நேரம் என் கையில் இருந்ததால் சில வாரம் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

முதலில் கூண்டு. சுற்றிலும் அரை அங்குலக் கம்பி வலை அடித்தோம். பெரிய கண் உள்ள சாதாரணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், ஆனால் பாம்பைத் தடுக்காது. உட்கார 2 அங்குல அகலத்தில், முனை மழுக்கிய மரக்கட்டை. ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம். இந்தக் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி உள்ளதிலேயே உயரமான இடத்தைத் தேடும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி, முட்டையெல்லாம் எச்சமாகிவிடும். நம் வெக்கைக்கு, கூரைக்குக் கீழே காற்றுப் போக இடம் விட்டோம்.

அடுத்து 7 நாள் வெளியே விடவில்லை. கூண்டோடு சேர்த்து ஒரு கம்பி அடைப்பு, மேலே நிழலுக்கு அத்தாப்பு, உள்ளேயே தீனியும் தண்ணீரும். அம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "மேயாத கோழியப் பாக்கவே பாவமா இருக்கு" என்று நாளுக்கு நாலு முறை போய் எட்டிப் பார்த்தார். ஆனால் இந்த ஒரு வாரத்தில்தான் "இது நம் வீடு" என்பது கோழியின் மண்டையில் ஏறுகிறது.

தினமும் மாலை 6.30க்கு மைலோ டின்னில் சோளத்தைப் போட்டுக் குலுக்கி, "பா... பா... பா..." என்று கூப்பிடுவார் அம்மா. ஒரே டின், ஒரே நேரம், ஒரே குரல். வானொலியில் நேயரைப் பிடித்து வைப்பதும் இதே வித்தைதான்.

8ஆம் நாள் கதவைத் திறந்தோம். காலையில் அல்ல, மாலை 6.30க்கு. நம் தீபகற்பத்தில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் பொழுது சாய்கிறது. தூரம் போக நேரமில்லாமல் திரும்பி வந்துவிடும் என்பது கணக்கு. கூண்டுக்குள் சின்ன விளக்கு ஒன்றைப் போட்டு வைத்தோம், வழி தெரிவதற்கு. எல்லாம் ஏறி உட்கார்ந்ததும் அணைத்துவிட வேண்டும்.

அன்று 5 உள்ளே போயின. 3 ரம்புத்தான் மரத்தடியில் நின்றன. நான் கம்பை எடுக்க, அம்மா தடுத்தார்: "தொரத்தாத. தொரத்தினா கூண்டுன்னாலே பயம் வந்துடும்." நன்றாக இருட்டும்வரை காத்திருந்தோம். இருட்டில் கோழி அதிகம் திமிறாது. இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கி, கட்டைமேல் உட்கார வைத்தார். மறுநாள் மரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டி, அவை ஏறுவதற்குப் படியாக இருந்த பழைய மேசையையும் நகர்த்தினோம்.

4 நாளில் 7 கோழி தானாகவே போய்விட்டன. கறுப்புப் பெட்டை மட்டும் வாசல்வரை வரும், நிற்கும், திரும்பிவிடும். 9 நாள் தூக்கித்தான் வைத்தோம். 10ஆம் நாள் அம்மா கூண்டுப் பக்கமே உட்கார்ந்து கவனித்தார். கறுப்பி கட்டையில் ஏறப் போகும்போதெல்லாம் பெரிய சிவப்புப் பெட்டை கொத்தி இறக்கியது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1920களிலேயே எழுதிவைத்த விஷயம் அது. அம்மா அதைப் படித்தவரில்லை. "அவளுக்குத் தனியா ஒரு கட்ட போடு" என்றார். எதிர்ப்பக்கம் இன்னொரு கட்டை போட்டோம். அன்று மாலை கறுப்பி தானாகப் போய் அடைந்தது.

அந்த அக்காவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உள்ளே போகாத கோழிக்கு ஒரு காரணம் இருக்கும். துரத்தினால் அது தெரியாது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கோழி திடீரென்று மறுத்தால், இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டை இடுக்கில் கோழிப்பேன் ஊரலாம், எச்சம் சேர்ந்து நெடி அடிக்கலாம், பாம்பே நுழைந்திருக்கலாம். தாமான் வீட்டில் இருப்பவர்கள், கூண்டு கட்டும் முன்பே நகராண்மைக் கழக விதியையும் பக்கத்து வீட்டுக்காரர் மனசையும் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் தலையை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அண்ணன் இப்போது விற்கச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு தட்டு முட்டை எடுத்துப் போகிறார். அம்மா அவரிடமும் காசு வாங்காமல் விடுவதில்லை.