முதலில் பெருக்கட்டும், பிறகு பிரிக்கட்டும்

பல்லுறுப்புக் கோவைகளைக் காரணிப்படுத்த நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை தலைகீழானது. இப்படிச் சொன்னால் கணக்கு வாத்தியார்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்று கரும்பலகையில் எழுதுகிறார்கள். "பெருக்கினால் 6, கூட்டினால் −5. எந்த இரண்டு எண்கள்?" பையன் −2, −3 என்கிறான். (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3) என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். ஏன் பெருக்க வேண்டும், ஏன் கூட்ட வேண்டும் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். "ட்யூஷனில் அப்படித்தான் சொன்னாங்க தாத்தா" என்பான்.

இதே கோவை 1637-இல் ரெனே தெகார்த் பிரெஞ்சில் எழுதிய 'லா ழியோமெத்ரி'யில் இருக்கிறது. (ஆங்கில வழியில் படித்தவர்கள் அவரை டெஸ்கார்ட்டஸ் என்பார்கள்.) அவர் பிரிப்பதில் தொடங்கவில்லை. எக்ஸின் மதிப்பு 2 அல்லது 3 என்று வைத்துக்கொண்டு, எக்ஸ் − 2, எக்ஸ் − 3 இரண்டையும் பெருக்கி இந்தக் கோவையைக் கட்டுகிறார். அடுத்து எக்ஸ் − 4 ஆல் பெருக்குகிறார். எக்ஸ்³ − 9எக்ஸ்² + 26எக்ஸ் − 24 வருகிறது. அதையும் எக்ஸ் + 5 ஆல் பெருக்கி நான்காம் படிக்குப் போகிறார். இவ்வளவும் கட்டிய பிறகுதான், இவற்றில் ஒன்றால் வகுத்தால் ஒரு படி குறையும் என்கிறார்.

மூட்டையைக் கட்டினவனுக்குத்தான் முடிச்சு எங்கே என்று தெரியும். கடைசியில் 6 ஏன் வந்தது? மூலங்கள் 2, 3 இரண்டையும் பெருக்கியதால். நடுவில் −5 ஏன்? அவற்றைக் கூட்டிக் குறியை மாற்றியதால். ஒரு தடவை கையால் பெருக்கிய பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்திலோ 'பிரி' என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. 'மூலங்களைக் கொண்டு சமன்பாட்டை அமை' என்பதற்குப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

"பரீட்சைக்கு இது போதும் சார்" என்பார்கள். போதாது. எக்ஸ்² − 5எக்ஸ் + 5 என்று கொடுத்துப் பாருங்கள். பெருக்கினால் 5, கூட்டினால் −5 வரும் முழு எண்கள் கிடையாது. பிள்ளை தேடித் தேடிச் சோர்ந்து, தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறான். மூலங்கள் இருக்கத்தான் செய்கின்றன: 5-உடன் வர்க்கமூலம் 5-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்று, கழித்துப் பாதியாக்கினால் மற்றொன்று. இரண்டின் கூடுதலும் 5, பெருக்கலும் 5. விதி பொய்க்கவில்லை, நாம் சொல்லிக்கொடுத்த குறுக்குவழிதான் பாதியில் நின்றுவிட்டது. எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் கணக்கைக் கைவிடுகிறார்களோ!

இதைப் பேச ஒரு குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள இந்தத் தொடர்புக்குப் பெயர் தந்த பிரான்சுவா வியேத், தொழிலால் வக்கீல்.

வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவனையே இரண்டு எண்களை மனதில் நினைத்துக்கொண்டு, பெருக்கிக் கோவையை மட்டும் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எண்களைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. அடுத்த முறை அவன் கண்டுபிடிக்கட்டும்.