நாணயத்தின் நாணயம்



நம் தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒரே சொல்லுள் அடங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை ஜெர்மனியின் பழைய பணமாகிய மார்க்கின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1871-ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சிற்றரசுகள் ஒரே பேரரசாக இணைந்தன. அவை தனித்தனியே வழங்கிவந்த தாலர், குல்டன் முதலிய காசுகளுக்கு மாற்றாக, பொன்னை அடிப்படையாகக் கொண்ட மார்க் வந்தது. அமெரிக்க டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மார்க் 20 பென்னிக் என்னும் மதிப்பு பல்லாண்டுகள் நிலைத்திருந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நோட்டுக்குப் பொன் தருவோம் என்ற உறுதியை அரசு நிறுத்திவைத்தது. போர்ச் செலவைப் பெரும்பாலும் கடனாலேயே சமாளித்தது. நாட்டுப்பற்று மிக்க எளிய மக்கள் தம் சேமிப்பைப் போர்க் கடன் பத்திரங்களில் இட்டனர்.

போரில் தோற்ற நாடு கடனிலும் இழப்பீட்டிலும் மூழ்கியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அவர்களுக்கு ஒத்துழைக்க மறுத்த தொழிலாளரைத் தாங்க அரசு மேன்மேலும் நோட்டு அச்சடித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு டாலரின் விலை 4,20,000 கோடி மார்க்! பெர்லினில் ஒரு ரொட்டி ஏறத்தாழ 20,000 கோடி மார்க்!

இதில் அழிந்தவர் யார்? கடன் வாங்கி நிலமும் ஆலையும் சேர்த்தவர் தப்பினார்; தம் கடனைக் குப்பைத் தாளால் அடைத்துவிட்டார். அரசின் போர்க் கடனும் சில்லறைக் காசாகச் சுருங்கிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்த விதவையும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், வைப்புநிதியின் வருவாயை நம்பியிருந்த அறநிலையங்களுமே வெறுங்கையராய் நின்றனர். ஒருவன் அவர்கள் வீட்டுப் பூட்டை உடைக்கவில்லை; ஆயினும் அவர்கள் உடைமை பறிபோயிற்று.

நவம்பர் 15-இல் 'ரென்டன்மார்க்' என்னும் புதுப் பணம் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடி, புதிய மார்க் ஒன்றுக்குச் சமம் ஆயிற்று. அதே மாதம் 28-ஆம் நாள் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அரியதொரு தீர்ப்பு வழங்கியது. போருக்கு முன் பெற்ற அடமானக் கடனை மதிப்பிழந்த தாளால் அதே எண்ணிக்கையில் திருப்புவது நேர்மைக்கும் நன்னம்பிக்கைக்கும் முரண் என்றது. 1925-இல் இயற்றப்பட்ட சட்டம், அடமானக் கடனில் நூற்றுக்கு 25 வீதம் மீட்டளித்தது. அரசு தன் சொந்தப் பத்திரங்களுக்கோ அதனினும் மிகக் குறைவாகவே கொடுத்தது. பிறர்க்கு நீதி வகுப்பது எளிது. தனக்கு வகுப்பது அரிதன்றோ!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே துயரம் மீண்டும் நேர்ந்தது. 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்குப் பகுதிகளில் 'டாய்ச் மார்க்' பிறந்தது. தலைக்கு முதலில் 40 மார்க் கிடைத்தது. பழைய சேமிப்போ நூற்றுக்கு ஆறரையாய்க் குறைந்தது. வீடும் நிலமும் உடையவர் இழக்கவில்லை. ஆனால் இம்முறை மனச்சான்று விழித்தது. 1952-இல் ஒரு சட்டம் செய்து, உடைமை தப்பியவர்கள் அதன் மதிப்பில் பாதியை முப்பதாண்டுத் தவணையில் செலுத்தி, இழந்தோர்க்கு உதவ வகை செய்தனர்.

2002 ஜனவரி 1-இல் மார்க்கும் விடைபெற்றது, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ எனப் புதிய நோட்டுகள் வந்தன. ஆயினும் ஜெர்மனியின் மத்திய வங்கி ஓர் உறுதி தந்தது: பழைய டாய்ச் மார்க்கை எப்போது கொண்டுவந்தாலும், கால வரம்பின்றி, கட்டணமின்றி மாற்றித் தரும். பாட்டியின் அலமாரியில் கிடைத்த நோட்டுக்கும் இன்றும் அதே மதிப்பு! இருமுறை சொல் தவறிய நாடு, மூன்றாம் முறை சொல்லைக் காத்து நிற்கின்றது.

இது அரசுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. பத்தாண்டுகளுக்கு முன் ஏழை உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய தொகையை, விலைவாசி ஏறியபின் அதே எண்ணிக்கையில் நீட்டி, "கணக்குத் தீர்ந்தது" என்கிறோமே! வட்டி வேண்டாமென்று அவர் பெருந்தன்மையோடு சொல்லியிருக்கலாம். அது அவர் அறம். அவர் இழந்ததை ஈடு செய்வது நம் கடமை; அது வட்டியாகாது. வேலையாளின் கூலியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் இத்தகையதே. கள்ளத் தராசு பிடித்தோரை இறைவாக்கினர் ஆமோஸ் எத்துணைக் கடுமையாய்ச் சாடினார் என்பதை நாம் அறிவோம். ஏழாம் கட்டளை பூட்டை உடைப்பவனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று.

இன்று இரவு குடும்பச் செபம் முடிந்தபின், யாருக்கு நாம் இன்னும் தரவேண்டியிருக்கிறது என்று கணவனும் மனைவியுமாய் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காசாகிய நாணயம் மாறும், மறையும். நேர்மையாகிய நாணயம் நம் இல்லங்களில் என்றும் செல்லுபடியாகட்டும்.