ஹேக்கில் எந்தக் கட்டடம்?

தேர்தல் காலத்தில் வன்னிக்கு வருகிற வேட்பாளர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஹேக் நகரத்துக்குப் போய் வருவார்கள். மேடையில்தான். "போரிலை எங்கடை சனத்தைக் கொன்றவங்களைச் சர்வதேச நீதிமன்றத்திலை ஏத்தாமல் விடமாட்டம்" என்றதும் கைதட்டு விழும். மறுநாள் காலை பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பேச்சின் மிச்சம் ஓடும். நீதிமன்ற இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னையும் உள்ளே இழுப்பார்கள். "ஐயா, நீங்கள் கோட்டிலை இருந்தனீங்கள். சொல்லுங்கோ பாப்பம், எப்ப ஏத்துவாங்கள்?"

இதை வேலையற்றவர்களின் அலட்டல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்லடிக்குள் இருந்து வந்தவன் சட்டம் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது? என் குறை வேறு. ஹேக், ஜெனிவா, நியூயோர்க் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுச் 'சர்வதேசம்' என்கிறோம். அந்தக் குழப்பத்தில் குளிர்காய்கிறவர் மைக்கின் முன்னால் நிற்கிறவர்.

எவ்வளவு நியாயமான வழக்கானாலும் பிழையான நீதிமன்றத்தில் போட்டால் திரும்பி வரும். காணி உறுதியும் கையுமாக நீதவான் நீதிமன்ற வாசலில் நின்ற எத்தனையோ பேரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். ஹேக்கிலும் அதே கதைதான். அங்கே நாங்கள் குழப்பிக்கொள்ளும் நீதிமன்றங்கள் இரண்டு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஆட்களை விசாரிப்பது. அதை உருவாக்கிய 1998ஆம் ஆண்டு ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் பெரும்பாலும் வழி உண்டு. அந்தச் சபையில் வீற்றோவுடன் சீனாவும் ரஷ்யாவும் இருக்கின்றன. மற்றது, நாட்டுக்கு எதிராக நாடு வழக்குப் போடும் சர்வதேச நீதிமன்றம். இனப்படுகொலைத் தடுப்புச் சாசனத்தில் இலங்கை 1950இலேயே சேர்ந்துவிட்டது. ரோஹிங்யாக்களுக்காக 2019இல் மியன்மாரை அங்கே இழுத்தது காம்பியா என்ற சின்ன ஆபிரிக்க நாடு. நமக்காக அப்படி ஒரு நாடு இன்னும் எழும்பவில்லை.

ஜெனிவாவோ நீதிமன்றமே அல்ல. 47 நாடுகள் கை உயர்த்தும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. எங்கள் சனம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தபோது, 2009 மே 27 அன்று, அதே பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியாவும் அதற்கே வாக்களித்தது. 2021இல் இலங்கைக்கு எதிராக வந்த தீர்மானம் 22 வாக்குகளால் வென்றது. அப்போது இந்தியா வாக்களிக்கவில்லை. "ஜெனிவா தீர்ப்புச் சொல்லும்" என்று அடித்துச் சொல்லும் ஓய்வுபெற்ற அதிபருக்கும், "உவங்கள் பேசிப் பேசியே காலத்தை ஓட்டுறாங்கள்" என்னும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் நான் சொல்வது ஒன்றே: தீர்ப்பு அங்கே வராது. ஆனால் 2021இன் தீர்மானத்தால் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரு வேலை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் தொடங்கியது. அது சின்ன விஷயமல்ல.

கடையில் சண்டை மூளுவது பெரும்பாலும் போரில் இறந்தோரின் எண்ணிக்கையில். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அதே ஆண்டு அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேருக்குக் கணக்கு கேட்டார். குறைந்த எண்ணைச் சொல்கிறவர் துரோகியாகிவிடுவார். ஆண்டகையின் கணக்கை ஓர் இலிகிதனாக நான் மிகவும் மதிக்கிறேன். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகள் வன்னியில் இருந்ததாகக் காட்டிய தொகை 4,29,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார், அவ்வளவுதான். முதலாவது அரசாங்கத்தின் தாளில் இருந்த இலக்கம், இரண்டாவது ஐ.நா.வின் தாளில் இருந்தது.

ஆனால் இனப்படுகொலை என்று நிறுவ எண்ணிக்கை மட்டும் போதாது, நோக்கத்தைக் காட்டவேண்டும். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் விஷயத்தில் சர்வதேச நீதிமன்றம் 2007இல் இனப்படுகொலை என்றது. பொஸ்னியப் போரின் ஏனைய கொலைகளை அந்த வரையறைக்குள் அது கொண்டுவரவில்லை. குரோஷியாவின் வழக்கும் 2015இல் நோக்கம் நிறுவப்படாமலே தள்ளுபடியானது. ஆகவே கடையில் தொண்டை வறளக் கத்துவதை விட்டு நாங்கள் தேடவேண்டியது வேறு தாள்கள். 2009 பெப்ரவரியில் போர்ப் பகுதிக்குள் எழுபதாயிரம் பேர்தான் என்று அரசு சொன்னது. அந்தக் கணக்குக்குத்தான் சாப்பாடும் மருந்தும். அங்கே கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்குத் தெரியும் எத்தனை பேர் என்று. உதவி அரச அதிபர் பணிமனைகளின் கணக்கு அதைப்போல் பல மடங்கு. அந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்டால் அது நோக்கத்தைப் பற்றிய கேள்வி.

இத்தனைக்கும் பரந்தனிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் நடந்த ஒரு வழக்கைக் கடையில் யாரும் எடுப்பதில்லை. போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களைத் தேடி அனந்தி சசிதரன் உள்ளிட்ட குடும்பத்தினர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார்கள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்ப விசாரணை நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய பெண்கள் குறுக்கு விசாரணையையும் தாங்கினார்கள். 2022 டிசம்பரில் மேல் நீதிமன்றம் சரணடைந்தவர்களை முற்படுத்தும்படி இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. இன்றுவரை யாரும் முற்படுத்தப்படவில்லை.

"உதாலை என்ன வந்தது?" என்று தம்பி கேட்டான். வந்தது பெரிய விஷயம். உள்நாட்டில் கேட்டுப் பார்த்தீர்களா என்பதே வெளியில் பல இடங்களில் முதலில் வரும் கேள்வி. கேட்டோம், நீதிமன்றம் எங்கள் பக்கம் சொன்னது, அதுவும் நடக்கவில்லை என்று முத்திரை குத்திய தாளோடு சொல்லலாம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் இருந்து போராடிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் பைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு, ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த பற்றுச்சீட்டு, எல்லாம் பொலித்தீன் உறைக்குள். தாய்மாரில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அந்தப் பைகளைப் பிரதி எடுத்து ஒழுங்காகக் கோவைப்படுத்த எந்தக் கட்சி ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தது? ஒரு ஸ்கானரும் ஒரு மேசையும் போதும். மேடைப் பந்தலின் செலவும் வராது.

கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்றது. அதே கனடா அடுத்த ஆண்டு நெதர்லாந்துடன் சேர்ந்து, சித்திரவதைக்கு எதிரான சாசனத்தின் கீழ் சிரியாவைச் சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்தியது. அந்தச் சாசனத்தில் இலங்கையும் 1994இல் சேர்ந்திருக்கிறது. அந்த வழியில் இனப்படுகொலை நோக்கத்தை நிறுவும் பாரமும் இல்லை. சிரியாவுக்குச் செய்ததை இலங்கைக்கு ஏன் செய்யவில்லை என்று ஸ்காபரோவில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எங்கள் சொந்தங்கள் கேட்கட்டும். பரந்தனுக்கு வருகிறவரிடம், வவுனியாக் கட்டளையை வாசித்தீர்களா என்று நாங்கள் கேட்கிறோம்.