ஊன்றுகோலும் இரு கண்களும்

ஆடிச் சுவாதி சுந்தரமூர்த்தி நாயனாரின் குருபூசைத் தினமாகும். கிங்ஸ்பரியிலும் அயலிலும் வாழும் சைவக் குடும்பங்கள் பலவற்றில் அன்று தேவாரம் ஓதப்படும். ஆயினும் கோயில் வாசலுக்கு வரவே கூசி ஒதுங்கி நிற்கும் அன்பர் சிலரும் உளர். சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்காதவர், ஊர்க் காணிக்காக உடன்பிறந்தாரைப் பகைத்தவர், குடியினால் மனைவி மக்களை வருத்தியவர் எனப் பலர். "எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பது?" என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு விடை சுந்தரர் வரலாற்றிலேயே உண்டு.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அடியாரின் தவறுகளை மறைக்கவில்லை. திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்பினார். பிரிந்து செல்வதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் பெருமான் மகிழ மரத்தடிக்குச் சென்றுவிட வேண்டும் என்று அவர் முன்னரே வேண்டிக்கொண்டார். பெருமானோ, மகிழின் கீழேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். தோழராயினும் வஞ்சனைக்கு இறைவன் துணை போகவில்லை. பின்னர் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் இரு கண்களையும் இழந்தார்.

அதன் பின் அவர் செய்தது என்ன? பாடுவதை நிறுத்தவில்லை, ஆரூர் நோக்கி நடப்பதையும் நிறுத்தவில்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது பார்வையன்று, ஓர் ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் கிடைத்தது திருவாரூரில். ஒற்றியூரிலிருந்து ஆரூர் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். பார்வை முழுதும் திரும்பாதவர் அத்தனை தூரத்தையும் பாடிக்கொண்டே நடந்தார்.

இங்கு இரண்டு பாடங்கள் உள. தவறு செய்தவன் பிரார்த்திக்கத் தகுதியற்றவன் என்பது பிழை. அவனுக்கே பிரார்த்தனை மிகுதியாக வேண்டும். அருச்சனைச் சீட்டு வாங்கினால் பழி தீர்ந்தது என்பதும் பிழை. ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய காசைக் கோயில் உண்டியலில் போடுவதால் கடன் தீராது. மன்னிப்புக் கேட்கவேண்டிய அண்ணன் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும்போது, இறைவனிடம் மட்டும் அழுவது போதாது. அந்தத் தொலைபேசியை எடுக்கும் துணிவே சிலருக்கு இறைவன் முதலில் தரும் ஊன்றுகோலாகலாம். கண் பிறகு வரும்.

கோயிலுக்கு ஒழுங்காக வருவோருக்கும் ஒரு கடமை உண்டு. நெடுநாள் கழித்து ஒருவர் தலைகுனிந்து உள்ளே வந்தால், அவருடைய பழைய கதையைப் பிரசாத வரிசையில் நின்று பேசலாகாது. சத்தியம் தவறியவரின் பாடல்கள் ஏழாந் திருமுறையாகச் சந்நிதிகளில் இன்றும் ஓதப்படுகின்றன. அவற்றை ஓதும் சபையில், தவறியவர் வந்து நிற்கவும் இடம் இருத்தல் வேண்டும்.